இசக்கியம்மாள் அக்காவின் தண்ணீர் டம்ளர்

அன்று காலை ஒன்பது மணிக்கு அக்காவின் வாட்ஸ்அப்புக்கு ஒரு படம் அனுப்பினேன். சீசனுக்குக் குற்றாலம் வந்திருந்த மதுரைக்காரர் ஒருவர், தூண்டிலில் வரால் மீன் பிடிக்கத் தன் கையாலேயே முடியும் இறகும் வைத்துக் கட்டிய பெரிய பொய்த்தவளையின் படம். “இதுக்கு எந்த லைன் குடுக்கட்டும்க்கா?” என்று கேட்டிருந்தேன். உடனே பதில் வந்தது: “நனைச்சுப் பாத்தியாட்டி? நான் வந்துட்டே இருக்கேன்.”

அரை மணி நேரத்தில் முதலாளி அண்ணாச்சி கடைக்குள் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றவில்லை.

“கோமதி, கடையை அடைச்சிரும்மா. இசக்கி போயிட்டா.”

“எங்க போயிட்டாங்க?” என்று கேட்டேன். சத்தியமாக அப்படித்தான் கேட்டேன்.

இலத்தூர் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை வெளியே எடுத்த அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். மாரடைப்பு. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாற்பத்து மூன்று வயது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து பத்து நாளாகிவிட்டது. அவர்களைப் பற்றி நினைவு மலருக்கு எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருந்தும் இன்றுதான் பேனா ஓடுகிறது. அந்த “வந்துட்டே இருக்கேன்” இன்னும் பொய்யாகவில்லை எனக்கு.

அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் தூண்டில் கடை. அங்கே ஃப்ளை லைன் என்கிற கனத்த நூல் பிரிவு முழுவதும் அக்காவின் பொறுப்பு. சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை நூலை இழுத்துக்கொண்டு போகும். இதில் தலைகீழ், நூலின் எடைதான் கொக்கியில் கட்டிய பொய் இரையைச் சுமந்துபோக வேண்டும். அதனால் எந்த இரைக்கு எந்த லைன் என்பதில் தப்பக் கூடாது.

அக்காவின் கணவர் ராணுவத்தில் இருக்கிறார். மலைப்பக்கம் வேலையில் இருந்தபோது அதிகாரி ஒருவர் கொடுத்த பழைய தூண்டில் கம்பை ஊருக்குக் கொண்டுவந்தார். அவர் லீவு முடிந்து போனதும் அக்கா அதைக் குளத்துக்கு எடுத்துப் போய்த் தனியாக வீசிப் பழகியிருக்கிறார்கள். கரையில் ஒருவர், “என்ன இசக்கி, சாட்டையைச் சுத்துத, மாட்டைக் காணுமே?” என்றாராம். “அதான் நீ வந்துட்டியே லே!” என்றார்களாம் அக்கா. இதைச் சொல்லும்போதெல்லாம் முதல் தடவை சொல்வதுபோலவே சிரிப்பார்கள்.

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு வயது மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு நான் இந்த வேலைக்கு வந்தேன். பி.காம். படித்த தைரியத்தில், கம்பில் எட்டு என்று போட்டிருந்தால் எட்டாம் நம்பர் லைனை எடுத்துக் கொடுத்தால் போதும் என்று நினைத்தேன். அக்கா தன் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் பிடித்து, வாடிக்கையாளர் கொண்டுவந்த தவளையை அதில் அமுக்கினார்கள். குமிழி நிற்கும்வரை விடவில்லை. பிறகு அதை என் உள்ளங்கையில் வைத்தார்கள். கை இறங்கியது.

“அருவியில குளிச்சிட்டு ஏறி வாரப்போ சேலை என்ன கனம் கனக்கும்? அதே மாதிரிதாம்ட்டி. எல்லாரும் காஞ்சதைக் கையில வச்சுப் பாத்துட்டு லைன் கேப்பாங்க. தண்ணியில போறது நனைஞ்சதுல்லா?”

கனத்த தவளைக்கு முன்பக்கம் குட்டையாகவும் தடிமனாகவும் எடை கூடின லைன் வேண்டும். மூக்கு என்கிற அந்த முன்பக்கம் நீண்டு மெலிந்த லைன் அதைத் தூக்காது. பாதியில் தொய்ந்து, கொக்கியோடு வீசுகிறவர் தலைக்கோ பின்னால் நிற்பவர் முகத்துக்கோ வரும். அதனால் அக்கா கடைசியாக ஒரு கேள்வி கேட்பார்கள்: “வீசும்போது உங்க பின்னால யாரு நிப்பா?”

அந்தக் கேள்வியை ஒருநாள் நான் கேட்கவில்லை. அக்கா பார்சல் போடத் தபாலாபீசுக்குப் போயிருந்தார்கள். புனலூர்க்காரர் ஒருவர் தவளையோடு வந்து, செங்கோட்டையில் ரயிலுக்கு நேரமாச்சு என்று அவசரப்படுத்தினார். அந்நேரம் என் மகளின் பள்ளியிலிருந்து போன்: பிள்ளைக்குக் காய்ச்சல். கம்பின் நம்பரைப் பார்த்தேன், மெலிந்த மூக்கு லைனை எடுத்துக் கொடுத்தேன், “தவளைக்காரருக்கு லைன் குடுத்தாச்சு, செங்கோட்டை ரயிலுக்குப் போயிட்டாரு, பிள்ளைக்குக் காய்ச்சல்” என்று அக்காவுக்கு மெசேஜ் போட்டுவிட்டு ஓடினேன். டாக்டர் வீட்டு வரிசையில் உட்கார்ந்திருந்தபோது அக்கா கூப்பிட்டார்கள்.

“ஏட்டி, தவளைக்காரருக்கு எதைக் குடுத்த?”

சொன்னேன்.

“பின்னால யாரு நிப்பான்னு கேட்டியா?”

“கேக்கலக்கா. மகளும் கூட வருவான்னு அவரா சொன்னாரு.”

அக்கா போனை வைத்துவிட்டார்கள். என் மடியில் என் மகள் கொதித்துக்கொண்டிருந்தாள். நான் பார்க்காத இன்னொரு பிள்ளையின் கண்தான் எனக்குத் தெரிந்தது. முக்கால் மணி நேரம் கழித்துச் செங்கோட்டை ஸ்டேஷனிலிருந்து அக்காவின் குரல், மூச்சு வாங்கியபடி: “மாத்திக் குடுத்துட்டேன்ட்டி. ஒவ்வொரு பெட்டியா ஏறித் தேடுனேன். என்னையப் பாத்ததும் அந்த மனுசன் டிக்கெட்டை எடுத்து நீட்டுதாரு! சரி, பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்குச்சா?”

அண்ணாச்சியிடம் இதை அவர்கள் சொல்லவே இல்லை. மறுநாள் என்னிடம் மட்டும் கூந்தலை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் கொக்கி கிழித்த தழும்பைக் காட்டினார்கள். “குளத்துல தனியா நின்னதால எனக்கு இதோட போச்சு” என்றார்கள்.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, “முதுகுல வாயு பிடிச்ச மாதிரி இருக்குட்டி” என்றார்கள். மகள் இரண்டு முறை தும்மினால் டாக்டரிடம் ஓடுகிறவள் நான். அன்று என்ன சொன்னேன் தெரியுமா? “இஞ்சி தட்டிப் போட்டுக் குடிங்கக்கா.” எல்லாவற்றுக்கும் பயப்படும் எனக்கு அன்றைக்கு மட்டும் ஏன் பயம் வரவில்லை?

மூன்றாம் நாள் கடை திறந்தோம். மதுரைக்காரர் மறுபடி வந்தார். விஷயம் தெரிந்ததும், “வேற எடத்துல பாத்துக்கிறேன்மா” என்று தயங்கினார். விடவில்லை நான். வேறிடத்தில் காய்ந்த தவளையைப் பார்த்துக் கொடுத்துவிடுவார்கள். அக்காவின் டம்ளர் அவர்கள் கவிழ்த்து வைத்தபடியே மேஜையில் இருந்தது. நிமிர்த்தினேன். தண்ணீர் பிடித்தேன். குமிழி நிற்க நெடுநேரம் ஆனது. தவளையை உள்ளங்கையில் வைத்தேன். கை இறங்கியது.

“பின்னால யாரு நிப்பா?”

“என் மகதான். வீடியோ எடுப்பா.”

இரண்டு பெட்டிகளைப் பிரித்து, விரலால் நூலின் முனையைத் தடவிப் பார்த்து, குட்டை மூக்கு லைனைக் கொடுத்தேன்.

மறுநாள் சாயங்காலம் அந்த வீடியோ வந்தது. சாரல் விழும் ஒரு குளம். தவளை அவர் தலைக்கு மேலே உயரமாகப் போய் நேராகத் தாமரை இலை ஓரம் விழுகிறது. மீன் எதுவும் கடிக்கவில்லை. பின்னால் ஒரு சிறுமியின் குரல், “அப்பா, இன்னொரு தடவ!” என்கிறது. அவ்வளவுதான்.

ஒன்றும் நடக்கவில்லை அக்கா. நீங்கள் இத்தனை வருடம் செய்த வேலை அதுதான் என்று இப்போது புரிகிறது. எத்தனையோ கண்கள், எத்தனையோ கன்னங்கள் தப்பின. தப்பியவர்களில் ஒருவருக்கும் உங்கள் பெயர் தெரியாது. உங்கள் டம்ளர் என் மேஜையில்தான் இருக்கிறது. இனி அதைக் கவிழ்த்து வைக்கமாட்டேன். அன்று காலை வாட்ஸ்அப்பில் நீங்கள் கேட்டதற்குப் பதில் அனுப்பாமலே விட்டுவிட்டேன், அதை இங்கே எழுதிவிடுகிறேன்: நனைச்சுப் பாத்துட்டேன்க்கா. நீங்க மெதுவா போங்க.