சேசிஸ் சாதிக்கின் கடைசிப் பாட்டில் என் பாதி

சாதிக் இறந்த செய்தி எனக்கு அவன் வீட்டிலிருந்து வரவில்லை. ராசிபுரத்தில் என் துணிக்கடையில் ஒரு அம்மாவுக்குச் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது, யாரோ ஒரு ரசிகர் வைத்திருந்த ஸ்டேட்டஸில்தான் பார்த்தேன். ‘ராப் அண்ணன் மறைந்தார்’ என்று எழுதி, கீழே அவன் சிரிக்கும் படம். அவன் தோள்மேல் ஒரு கை இருந்தது. கைக்குச் சொந்தக்காரனை வெட்டிவிட்டிருந்தார்கள். அந்தக் கை என்னுடையது. நண்பன் போன செய்தியைப் படித்த அதே நொடியில் என்னை வெட்டியிருப்பதும் கண்ணில் பட்டது. என்ன செய்ய, என் புத்தி அப்படி. “ஏனுங்க, மொகமே மாறிப்போச்சுங்க?” என்று அந்த அம்மா கேட்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. கடையைச் சாத்தினேன்.

அவன் ரசிகர்களான உங்களுக்கு அவன் பெயர் வந்த கதை தெரிந்திருக்கும். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை அவன் அப்பாவுடையது. ஒரு ஆயுத பூஜையன்று பட்டறை ஆட்களுக்காக நாங்கள் இருவரும் பாடினோம். பாடி கட்டாமல் வெறும் அடிச்சட்டமாக நின்ற சேசிஸ் ஒன்றின்மேல் அவன் ஏறிக்கொண்டான். அன்று ஒட்டிக்கொண்டதுதான் ‘சேசிஸ் சாதிக்’. சினிமாப் பாட்டு கேட்க வந்த கூட்டம் எங்கள் ராப்பைக் கேட்டுத் திருதிருவென்று விழித்தது. இரண்டு வரியில் அவனும் நின்றுவிட்டான். குனிந்து, “டேய் மோகனு, பக்கத்துல நின்னு ம் கொட்டுடா. ஆரோ கேக்கறாங்கன்னு தெரிஞ்சாத்தான் எனக்கு வார்த்தையே வருது” என்றான். கதை கேட்கும் பிள்ளை மாதிரி வரிக்கு வரி ம் கொட்டினேன். பிறகு அவனை நிறுத்த முடியவில்லை. அன்றிலிருந்து அதுதான் எங்கள் வழக்கம். என் முறை வரும்போது நான் தனியாகப் பாடிக்கொள்வேன். எனக்கு ம் கொட்ட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதில்லை. விசிலும் அவனுக்குத்தான் வந்தது.

அப்பா படுக்கையில் விழுந்ததும் பட்டறை அவன் தலையில் வந்தது. பாடுவதை நிறுத்தினான். பத்து வருடத்துக்கு மேல் ஒரு வரிகூட வெளியிடவில்லை. நான் விடவில்லை. பொங்கலுக்கு ஒரு பாட்டு, ஆடிப்பெருக்குக்கு ஒரு பாட்டு என்று போட்டுக்கொண்டே இருந்தேன். ஒவ்வொன்றின் கீழும் முதலில் வரும் கேள்வி, ‘சாதிக் அண்ணன் எப்ப வருவாரு?’ எனக்கு வயிறு எரிந்தது. பாடாதவனுக்காகக் காத்திருக்கிறார்கள், பாடுகிறவனிடம் வந்து அவனைப் பற்றி விசாரிக்கிறார்கள். நான் எங்கேயும் போகவில்லை, அதனால் எனக்காக யாரும் காத்திருக்கவும் இல்லை. இதை அவனிடமே ஒருநாள் கொட்டித் தீர்த்தேன். “உம் பாட்டுல ம் கொட்டறதுக்கு எடமே இல்லடா. நீயே கேட்டு நீயே பதில் சொல்லிட்டுப் போற. கேக்கறவன் எங்க நிப்பான்?” என்றான். கொஞ்ச நாள் அவனோடு பேசாமல் இருந்தேன்.

போன வருடம் அவன் மீண்டும் ஒரு ஆல்பம் போடுவதாக அறிவித்தான். ஊரே குதித்தது. பரமத்தி ரோட்டு டீக்கடையில் நாங்கள் நின்றிருந்தபோது முட்டை லாரி ஓட்டும் தம்பி ஒருவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “அண்ணா, பழைய மாதிரியே போடுங்கண்ணா, மூச்சு உடாம. ஸ்லோவா மட்டும் போட்றாதீங்க, எங்க மானமே போயிரும்.” சாதிக், “பாக்கலாஞ் சாமி” என்றான். என் பக்கம் அந்தத் தம்பி திரும்பவே இல்லை. அவர் போனதும் சாதிக் சொன்னான்: “இவங்க கேக்கறது என்னைய இல்லடா. இவங்க பள்ளிக்கூடம் போயிட்டிருந்தப்ப இருந்த என்னைய.” அப்போதே அவன் இதயத்துக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பழைய வேகம் அவனிடம் இல்லை. ஆனால் நிதானமாக வந்த புது வரிகள் இன்னும் நன்றாக இருந்தன, அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

சேலத்தில் பிரபு என்பவருடைய ஸ்டுடியோவில் பதிவு. கண்ணாடி அறைக்குள் தனியாக நிறுத்தியபோது அவனுக்கு ஒரு வரியும் வரவில்லை. கதவைத் திறந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டான். ஒரே மைக். ஆல்பம் முழுக்க அவன் வரிகளுக்கு நடுவே மெல்லிதாக ஒரு ‘ம்’ கேட்கிறதே, அது நான்தான். கடைசிப் பாட்டின் பிற்பாதியை எனக்கென்று விட்டுவைத்தான். அவனை ஜெயிக்க வேண்டும் என்றே எழுதினேன். அவன் சொன்னது உறைத்திருந்ததால் இந்த முறை வரிக்கு வரி இடம் விட்டேன். ஹெட்போனில் தாளம் காதை அடைக்க, கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். முடித்ததும், “எனக்கே பொறாமையா இருக்குடா” என்றான். நான் வாங்கிய பாராட்டுகளில் அதைவிடப் பெரியது இல்லை.

அந்தப் பாட்டில் ஒரு துண்டை வெளியிட்டதும் ரசிகர்கள் பொங்கினார்கள். ‘இவர் எதுக்குண்ணா நடுவுல?’ சாதிக் பதில் எழுதவில்லை, என் பாதியை எடுக்கவும் இல்லை. ஆல்பம் வெளிவருவதற்குள் அவன் போய்விட்டான்.

மூன்றாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்ததும் அவன் மனைவி பரீதா என்னைக் கூப்பிட்டார். “அண்ணா, கடைசியா வர்றதுல அவரு கொரலு மட்டும் இருக்கட்டும்னு ரசிகப் பசங்க கேக்கறாங்க. எனக்கு ஒண்ணுந் தெரியலீங்க. நீங்க சொல்றதுதானுங்க.” எனக்குச் சுருக்கென்றது. அவன் தன் கையால் கொடுத்த இடம் அது. விடக்கூடாது என்ற முடிவோடுதான் சேலத்துக்குப் பஸ் ஏறினேன்.

பிரபு தாளத்தை நிறுத்திவிட்டு என் பாதியை மட்டும் ஓடவிட்டார். முதல் வரி முடிந்தது. மெல்ல ஒரு ‘ம்’. அடுத்த வரி. மறுபடியும் ‘ம்’. நான் பிரபுவைப் பார்த்தேன்.

“அவருதானுங்க. நீங்க பாடி முடிக்கற வரைக்கும் பக்கத்துல நின்னு ம் கொட்டிட்டே இருந்தாருங்க. உங்களுக்குக் கேக்கலீங்களா?”

வாய்விட்டு அழுதேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எம் பாதிய எடுத்துருங்க பிரபு. எனக்கு அனுப்பிட்டு, உங்ககிட்ட இருக்கறத அழிச்சிருங்க” என்றேன்.

இப்போது ஆல்பம் உங்கள் கையில் இருக்கிறது. கடைசிப் பாட்டு பாதியில் நிற்கிறது. நண்பனுக்காக விட்டுக்கொடுத்தேன் என்று என் பெருந்தன்மையைப் புகழ்ந்து எழுதுகிறீர்கள். என் பாட்டு எதற்கும் இத்தனை வாழ்த்து வந்ததில்லை. பெருந்தன்மை எல்லாம் இல்லை. அவன் பாடிய ஒவ்வொரு சொல்லும் உங்களுக்குத்தான், வைத்துக்கொள்ளுங்கள். அவன் பாடாமல் நின்று கேட்டது என்னை. அந்த ‘ம்’ என்னிடம் இருக்கிறது. யார் கேட்டாலும் தரமாட்டேன்.