நூறு மட்டும் கழியுங்க

கல்லடியில் நாங்கள் வழக்கமாகச் சாமான் வாங்கும் சூப்பர் மார்க்கெட்டில் எங்கள் வீட்டுப் புள்ளிகள் எல்லாம் மகளுடைய போன் நம்பரில்தான் கிடக்கின்றன. பில் போடும்போது நம்பரைச் சொன்னால் புள்ளி சேரும். ஒரு புள்ளி ஒரு ரூபா. சேர்ந்ததைக் கழிக்க வேண்டுமென்றால் அந்த நம்பருக்கு நாலு இலக்கத்தில் ஒரு கோட் வரும். அதைக் கவுண்டரில் சொல்ல வேண்டும். மூன்று நிமிடம் தாண்டினால் அது செல்லாது. மகள் வீட்டில் இருந்தவரை இதில் ஒரு சிக்கலும் இருக்கவில்லை. அவள் என் பக்கத்திலேயே நிற்பாள்.

பால்மா பைக்கற் ஒன்றை வாங்குவதற்கு இரண்டு தரம் யோசிக்க வேண்டி வந்த காலத்தில்தான் அவள் இதையெல்லாம் தொடங்கினாள். அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். பில்லின் அடியில் அச்சாகி வரும் கூப்பன்களை நான் கசக்கி எறிந்துவிடுவேன். அவள் அவற்றைக் கத்தரித்து, பழைய ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் திகதி வாரியாக அடுக்கினாள். முதலில் முடிகிறது மேலே. போன கிழமை விலையைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டு, இந்தக் கிழமை விலைக் கழிவு என்று எழுதியிருப்பது உண்மையிலேயே கழிவுதானா என்று பார்ப்பாள். பெரிய பைக்கற்தான் மலிவு என்று நான் எடுத்தால், நூறு கிராமுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுத் திரும்ப வைப்பாள். பருப்பையும் சீனியையும் காத்தான்குடியில் மொத்தக் கடையில்தான் வாங்குவோம்.

"பஸ் காசையும் சேத்துப் பாருங்க அப்பா," என்பாள். "முப்பது ரூபா கழிவுக்காகச் செட்டிபாளையத்தில இருந்து வாற ஆள் நீங்க மட்டும்தான்."

எல்லாவற்றுக்கும் மேலாக அவளிடம் ஒரு சட்டம் இருந்தது. வீட்டில் முடிந்த சாமானுக்குத்தான் கூப்பன். கூப்பன் இருக்கிறது என்பதற்காகச் சாமான் வாங்கக் கூடாது.

நான் அரசாங்கக் கச்சேரியில் இருபத்தைந்து வருடமாகக் கோப்புப் பார்க்கிறவன். ஆனாலும் அவளோடு கடைக்குப் போகும்போது பயிலுநர் மாதிரிப் பின்னால் கூடையைத் தூக்கிக்கொண்டு நடப்பேன். அது எனக்குப் பிடித்துமிருந்தது.

இரண்டாம் வருடத்தோடு கெம்பஸ் படிப்பை விட்டுவிட்டுக் கொழும்புக்கு வேலைக்குப் போகிறேன் என்று அவள் சொன்ன அன்று, மேசையில் ஒரு தாளை வைத்தாள். ஒரு பக்கம் படிப்பு முடிய எத்தனை வருடம், போடிங் வாடகை எவ்வளவு, விரிவுரையாளர்களின் வேலை நிறுத்தத்தில் எத்தனை மாதம் போகும் என்று இருந்தது. மறுபக்கம் சம்பளம். கூப்பன்களை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அவள் போடும் அதே கோடு நடுவில்.

"இந்த மாதம் முடியிறதுக்குள்ள பதில் குடுக்கணும் அப்பா. பிறகு அந்த இடம் இரிக்காது."

"படிப்பை என்ன கூப்பன் எண்டு நினைச்சியா? திகதி பாத்துக் கிழிச்சிட்டுப் போறத்துக்கு?"

"கத்தாமக் கணக்கைப் பாருங்க."

"கணக்குப் பாக்கிற ஆளுக்கு அப்பன் என்னத்துக்கு? என்ட நம்பரையும் அழிச்சிட்டுப் போ."

அவள் போனைக் கையில் எடுத்தாள். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். விரல் அசைந்த மாதிரியும் இருந்தது, அசையாத மாதிரியும் இருந்தது. பிறகு போனைப் பையில் போட்டுக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். அடுத்த நாள் விடிய பஸ் ஏறினாள். போய்ச் சேர்ந்துவிட்டதாகத் தாய்க்கு ஒரு அழைப்பு வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. நான் அழைப்பு எடுத்தாலும் மனைவி எடுத்தாலும் மணி அடித்து அடித்து நின்றுவிடும்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. டப்பாவைத் திறந்து பார்ப்பேன். மேலே இருந்த கூப்பன்கள் ஒவ்வொன்றாகத் திகதி முடிந்து போய்க்கொண்டிருந்தன. அதைப் பார்க்கப் பொறுக்காமல் ஒரு நாள் போய் டின்மீன் கூப்பனுக்கு நாலு டின் வாங்கி வந்தேன். மனைவி பையைத் திறந்து பார்த்தாள்.

"ஆத்துக்கும் கடலுக்கும் நடுவில குடியிருக்கிறம். டின்மீன் வாங்கி வந்திரிக்கிறார் மனிசன்," என்றாள். பிறகு சிரிக்காமல், "புள்ள நிண்டிருந்தா இதை எடுக்க விட்டிருப்பாளா?" என்றாள்.

அடுத்த தரம் கையில் காசு குறைவாகக் கொண்டுபோய்விட்டேன். பில் வந்தபோது, வழக்கம்போலப் புள்ளியில் கழிக்கச் சொன்னேன். கவுண்டரில் இருந்த பிள்ளை ஒரு பொத்தானை அமுக்கினாள்.

"கோட் போயிரிக்கு சேர். சொல்லுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவசரமாக மகளுக்கு அழைப்பு எடுத்தேன். மணி அடித்தது. எடுக்கவில்லை. மூன்று நிமிடமும் முடிந்து, பால்மாவைத் திரும்பக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். பஸ் காத்தான்குடியைத் தாண்டும்போது ஒரு யோசனை வந்தது. என் அழைப்பை அவள் பார்க்காமல் விடலாம். கடையிலிருந்து வந்த கோட்டைப் பார்க்காமல் விட முடியாது. சற்று முன் கொழும்பில் எங்கோ அவள் கைக்குள் அந்தப் போன் அதிர்ந்திருக்கிறது. அப்பா கவுண்டரில் நிற்கிறார் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

மூன்று நாள் கழித்து ஒரேயொரு சவர்க்காரத்தைத் தூக்கிக்கொண்டு அதே கவுண்டரில் நின்றேன். புள்ளியில் கழிக்கச் சொன்னேன். கோட் போனது. போனைப் பார்த்தபடி நின்றேன். எனக்குப் பின்னால் கூடை நிறையச் சாமானோடு காத்தான்குடி அம்மா ஒருவர் நின்றார்.

"தம்பி, ஒரு சவுக்காரத்துக்கா இந்தப் பாடு? காசைக் குடுத்திட்டுப் போங்களன். என்ட ஐஸ்கிரீம் தண்ணியாப் போகுது."

"கொஞ்சம் பொறுங்க. மகள் அனுப்புவா."

"மகளா? அப்பிடியெண்டா நிண்டு பாருங்க." ஐஸ்கிரீம் பெட்டியைக் கூடையின் அடியில் தள்ளினார். "எங்கட மகன் கட்டார்ல. நான் பத்துத் தரம் எடுத்தா ஒருக்கா எடுப்பான்."

வரவில்லை. காசைக் கொடுத்தேன். அந்த அம்மா என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

அதற்குப் பிறகு பயம் வேறு வடிவத்தில் வந்தது. என் நம்பரை அவள் உண்மையிலேயே அழித்திருந்தால், யாரோ தன் புள்ளியைத் திருடப் பார்க்கிறார்கள் என்றுதான் நினைப்பாள். போன் தொலைந்திருந்தால்? காய்ச்சலாகப் படுத்திருந்தால்? நான் என்ன செய்துகொண்டு திரிகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். ஏசுவாள் என்று நினைத்தேன்.

"அழிக்கச் சொன்ன நீங்கதான். இப்ப கடைக் கோட்டை அனுப்பித் தட்டிப் பாக்கிறீங்க," என்றாள். "ஒரு மெசேஜ் போட்டாத்தான் என்ன? மன்னிப்பெல்லாம் வேணாம், அது உங்களுக்கு வரவும் மாட்டாது. கோட்டை மட்டும் கேளுங்க. அதுக்குமா வெக்கம்?"

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டுக்கொண்டு போனேன். பால்மா, சவர்க்காரம், தேயிலை என்று எடுத்தேன். வரிசையில் நின்றபடி எழுதினேன்: "அப்பா. பால்மா முடிந்துவிட்டது. இப்போது கோட் வரும். அனுப்பு." முதல் சொல் தேவையா என்று இரண்டு தரம் யோசித்து, அழிக்காமல் அப்படியே விட்டேன்.

அதே பிள்ளைதான் கவுண்டரில். முதல் கோட் காலாவதியானது. நான் கேட்காமலே அந்தப் பிள்ளை இன்னொன்று அனுப்பினாள். பணப்பையைத் திறந்து நோட்டுகளை எடுக்கத் தொடங்கியபோது போன் அதிர்ந்தது.

நாலு இலக்கம். அவ்வளவுதான். வேறு ஒரு எழுத்தும் இல்லை.

வாசித்தேன். திரும்ப வாசித்தேன்.

"சரி சேர். மூவாயிரத்து இருநூத்திச் சொச்சம் இரிக்கு. முழுக்கக் கழிக்கவா? கையால பெரிசா ஒண்டும் போகாது."

அந்த மாதத்தில் அது எங்களுக்குச் சின்னத் தொகை இல்லை. தலையாட்டப் போனவன் நிறுத்திக்கொண்டேன். முழுவதையும் கழித்துவிட்டால், அடுத்த தரம் எதைச் சொல்லிக் கோட் கேட்பது?

"நூறு மட்டும் கழியுங்க."

"நூறா?"

"ஓம் பிள்ளை. மிச்சம் கிடக்கட்டும்."

பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது மெசேஜ் வந்தது. எவ்வளவு கழிந்தது என்ற செய்தி அவளுக்குப் போயிருக்க வேண்டும்.

"ஏன் நூறு?"

நிறைய எழுதினேன். எழுதியதையெல்லாம் அழித்தேன். கடைசியில், "மிச்சத்துக்குப் பிறகு கோட் கேட்பேன்," என்று மட்டும் அனுப்பினேன். பதில் வரவில்லை. பஸ் வந்தது, ஏறினேன். ஆரையம்பதி தாண்டியது, கிரான்குளம் தாண்டியது. போனை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். குருக்கள்மடத்தில் ஆட்கள் இறங்கும்போது வந்தது.

"வெள்ளிக்கிழமை கேளுங்க. அன்றைக்கு இரட்டைப் புள்ளி."

நல்லா இருக்கிறாளா, சாப்பிடுகிறாளா, என் நம்பரை அழித்தாளா இல்லையா, ஒன்றும் எனக்குத் தெரியாது. வெள்ளிக்கு இன்னும் மூன்று நாள் கிடந்தது. வீட்டுக்குப் போன கையோடு மனைவியிடம் போனைக் காட்டினேன். அவள் மூன்று தரம் வாசித்தாள்.

"வெள்ளிக்கிழமைக்கு என்ன சாமான் வேணும்?" என்று கேட்டேன்.

"ஒண்டும் வேணாம். எல்லாம் இப்பதானே கொண்டு வந்திரிக்கிறீங்க."

"முடிஞ்ச சாமானுக்குத்தான் போகலாம். அவள்ட சட்டம் தெரியும்தானே."

மனைவி புதுப் பால்மா பைக்கற்றை வெட்டித் திறந்து என் முன்னால் வைத்தாள்.

"அப்ப இதை முடியுங்க," என்றாள்.

அன்று பின்னேரம் தேநீருக்கு இரண்டு கரண்டி பால்மா கூடுதலாகப் போட்டுக் குடித்தேன்.