ஒன்பது இருபதுக்கு மூன்று தட்டு

நான் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்பது எங்கள் சந்தில் எழுதாத சட்டம். கழித்துக்கொள்ளுங்கள், வருத்தமில்லை. ஆனால் போன அக்டோபர் கடைசியில், புதன் முதல் ஞாயிறு வரை நடந்த இந்த விஷயத்தில் மட்டும் ஒரு சொல்லைக்கூடக் கழிக்காதீர்கள். நேரங்களை அன்றன்றே காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன். அடுத்த வீட்டு விவகாரம் எதுவானாலும் நான் குறிப்பேன். அது என் குணம்.

என் பெயர் ரெஃபூகியோ. குக்கா என்றால்தான் புவெப்லாவின் பழைய நகரத்தில் யாருக்கும் தெரியும். பக்கத்து வீடு ஓர்த்தென்சியாவுடையது. எழுபத்தொரு வயது, தனி ஆள். வாசலில் ஸ்பானியர் காலத்து மரக்கதவு. உள்ளே நீளமான நடை, அதன் கடைசியில் முற்றமும் துணி துவைக்கும் கல்லும்.

இரவில் பேய்க்கதை சொல்லி ஊர் சுற்றிக்காட்டும் அபுந்தியோ துறவி அங்கியும் கைவிளக்குமாகச் சுற்றுலாக்காரர்களை மேய்த்துக்கொண்டு சரியாக ஒன்பது இருபதுக்கு எங்கள் சந்துக்குள் நுழைவான். அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு வேலைக்காரியை எசமானி பூட்டிவைத்தே கொன்றாளாம், செத்தவள் இன்னும் பதில் தட்டுவாளாம். சுத்தப் புளுகு. அவன் மூன்று முறை தட்டுவான். உள்ளே இருட்டில் நாற்காலி போட்டுக் காத்திருக்கும் ஓர்த்தென்சியா பதிலுக்கு மூன்று தட்டுவாள். கூட்டம் அலறும், பிறகு கைதட்டும். போகும்போது அவளுடைய ஜன்னல் கம்பியில் ஒரு பை சூரோ மாட்டிவிட்டுப் போவான். எண்ணெயில் பொரித்துச் சர்க்கரை தூவியது. பேய்க்குக் கூலி அவ்வளவுதான்.

அப்போது எனக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. செவ்வாய்தோறும் ஒரு கிழட்டுத் தையல்காரர் அவள் வீட்டுக்கு வந்துபோவதை ரொட்டிக்கடையில் நான் சும்மா சொல்லிவைத்தேன். பொய்யா சொன்னேன்? அது அவள் காதுக்குப் போய், "இனி என் வாசல்ல உன் நிழல்கூட விழக்கூடாது" என்று நடுச்சந்தில் கத்தினாள். விழவில்லை. மூன்று வாரம்.

புதன்கிழமை, ஒன்பது இருபது. தட்டு வந்தது. பையை மாட்டினான். வியாழன் காலை ஏழு பத்துக்குப் பார்க்கிறேன், பை அப்படியே தொங்குகிறது. ஒட்டிய சர்க்கரைக்காகக் காகிதத்தையும் வழிக்கிறவள் அவள்.

வியாழன் இரவும் தட்டு வந்தது. கம்பியில் இரண்டு பை. அபுந்தியோவை நிறுத்தினேன்.

"ஏண்டா, பையை எடுக்கவே இல்லையே அவ?"

"சலிச்சுப் போயிருக்கும். நீங்க போய்க் கேளுங்களேன், குக்காம்மா."

"நானா? முதல்ல அவ வாயத் தொறக்கட்டும்."

"தட்டினாங்கல்ல? அப்ப நல்லாத்தான் இருக்காங்க."

எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. தட்டுகிறாள். ஆகவே இருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை ஜன்னலில் வெளிச்சமே இல்லை. ஒன்பது இருபது. டக்... டக்... டக். கூட்டம் கைதட்டியது. அபுந்தியோ மட்டும் குனிந்து கதவின் அடியைப் பார்த்தான். சத்தம் வழக்கமான இடத்திலிருந்து வரவில்லை. முழங்கால் உயரத்திலிருந்து வந்தது.

சனிக்கிழமை. மூன்று பை. எறும்பு வரிசை.

ஒன்பது இருபதுக்குத் தட்டு வந்தது. ஒன்பது இருபத்தாறுக்குச் சந்து காலி. நானே போனேன். வீம்பு பிடித்த கால்கள்தான், ஆனாலும் போயின.

கதவிடுக்கில் காய்ந்த மிளகாய் நெடி. நவம்பரில் இறந்தவர்களுக்குப் படைக்கும் மோலே குழம்புக்காக அவள் வருஷம் தவறாமல் மிளகாய் உலர்த்துவாள்.

"ஏய், ஓர்த்தென்சியா."

பதில் இல்லை.

"கோவம்னா வெளிய வந்து திட்டுடி. ஊரே கேக்கட்டும்."

டக்... டக்... டக்.

முழங்காலுக்கு நேரே.

"வாயில்லையா? சரி, கிட!"

திரும்பினேன். நாலு எட்டு வைத்திருப்பேன்...

டக்டக்டக்டக்டக்...

மூன்று இல்லை. நிற்கவே இல்லை.

கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். சுவர் வழியாகவும் கேட்டது.

பிறகு... சட்டென்று நின்றது.

கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது முப்பத்தொன்று.

ஞாயிறு காலை வெராக்ரூஸிலிருந்து அவள் மகள் எனக்குப் போன் செய்தாள். "அம்மா புதன்கிழமையிலேர்ந்து போன் எடுக்கல, அத்தை."

அபுந்தியோவையும் பூட்டுக்காரரையும் கூப்பிட்டேன். பதினொன்று நாற்பதுக்குக் கதவு திறந்தது.

நடை முழுக்க மிளகாய். வாசற்படியிலிருந்து முற்றம் வரை, சுவருக்குச் சுவர், கால் வைக்க இடமில்லாமல் பரப்பியிருந்தாள். கதவு தள்ளியதில் நொறுங்கியதைத் தவிர, ஒரு மிளகாய்கூட மிதிபட்டிருக்கவில்லை.

நாற்காலி முற்றத்தில் இருந்தது.

அவளும் அங்கேதான் கிடந்தாள். துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், இடுப்பு முறிந்து. அங்கிருந்து கத்தினால் சந்துக்குக் கேட்காது.

அபுந்தியோ மிளகாயைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"அப்ப... தட்டினது யாரு?"



அவன் இப்போது எங்கள் சந்துக்கே வருவதில்லை. அந்தத் தட்டு எங்களை உள்ளே கூப்பிட்டதா, அல்லது அவள் நலம் என்று நம்பவைத்து எங்களை வெளியிலேயே நிறுத்தியதா... எனக்குத் தெரியாது.

டாக்டர் சொன்னது மட்டும் தெரியும். விழுந்தது புதன் மாலை.

ஆனால் அன்றே சாகவில்லை.

சனிக்கிழமை இரவு, ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் என்றார். அதற்குமேல் துல்லியமாகச் சொல்ல முடியாதாம்.

அந்த நிமிஷம் என் காலண்டரில் இருக்கிறது.