முப்பத்தேழு தடவை செத்தவர்

1988 ஏப்ரல் 11 — 14,800 யென்
1990 அக்டோபர் 15 — 9,800 யென்
1994 ஆகஸ்ட் 1 — 1,500 யென்
1998 நவம்பர் 30 — 300 யென்
2001 ஜூன் 25 — 4,000 யென்

மோஜி துறைமுகத்தில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த ஒரிபே கினுயோ வாங்கிய யாகுசா (ரவுடிக் கும்பல்) படக் கேசட்டுகளில் ஐந்தின் விலை இது. எல்லாம் திங்கட்கிழமைகள். அன்றுதான் அவளுக்குக் கடை விடுமுறை. துறைமுக எடைமேடையில் குமாஸ்தாவாக இருந்த நான் அவளோடு கேசட் தேடி ரயிலேறிப் பக்கத்து நகரமான கொக்குரா போவேன். நானும் அதே படங்களைச் சேர்ப்பவன். கேசட்டின் மூடியைத் தூக்கி, நாடாவில் வெள்ளைப் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பது என் வேலை. வாடகைக் கடைகள் ஒவ்வொன்றாகக் கேசட்டுகளை விற்றுத்தள்ளி மூடிக்கொண்டு வந்ததால் விலை சரிந்துகொண்டே போனது. கடைசி கேசட்டுக்கு மட்டும் விலை ஏறியதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்வதற்கு முன்னால் வேறு சிலவற்றைச் சொல்லவேண்டும்.

எங்கள் பழக்கம் ஒரு ரத்தக் காயத்தில் தொடங்கியது. 1987 இலையுதிர்காலத்தில் ஒருநாள் அவள் எனக்குச் சவரம் செய்துகொண்டிருந்தாள். கடைத் தொலைக்காட்சியில் ஏதோ ஒரு பழைய ரவுடிப் படம். துணை நடிகன் ஒருவன் வயிற்றில் குத்துப்பட்டுக் குப்புற விழுந்தான். அந்த நொடியில் கத்தி என் இடது காதருகே இறங்கிவிட்டது. "கை தவறிடுச்சு ஐயா" என்று நூறு தடவை குனிந்து மன்னிப்புக் கேட்டாள். காசு வாங்கவில்லை. இருபது வருஷமாகக் கை தவறாதவள்.

காரணம் எட்டு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அவள் வாங்கிய புது வீடியோ பெட்டியை மாடிக்குத் தூக்கிப்போனேன். அறையின் மூலையில் முன்னோர் மாடம். அதில் அவள் அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு படம். தொலைக்காட்சியில் ஓடிய படத்தை நிறுத்திவைத்து எடுத்த புகைப்படம் என்பது அதன் கோடுகளிலேயே தெரிந்தது. ஒட்ட வெட்டிய ஒரு பின்மண்டை. அதற்கு முன்னால் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது.

"கினுயோம்மா, இதென்ன மண்டை?"

"எங்கப்பா."

"முதுகுப் பக்கமாவா வைப்பாங்க?"

"முன்பக்கம் கிடைக்கலையே ஐயா. கிடைச்சா வைக்கமாட்டேனா?"

அவளுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது, 1956இல், அப்பா கென்சோ வீட்டை விட்டுப் போய்விட்டார். அம்மா அவருடைய படங்களையெல்லாம் குளியல் அடுப்பில் போட்டு எரித்துவிட்டாள். எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான்: "சினிமாவுக்குப் போயிட்டான்." அவரிடமிருந்து ஒரு கடிதமும் வராததால் செத்திருப்பார் என்றே கினுயோ நினைத்துக்கொண்டாள். அவளுக்கு முகம் நினைவில்லை. அப்பாவின் தோளில் உட்கார்ந்து துறைமுகத் திருவிழா பார்த்தது மட்டும் நினைவிருந்தது. கண்ணுக்கு நேர் கீழே அவர் தலை. அதில் எதிரெதிராகச் சுழன்ற இரண்டு சுழிகள். என் காதை அறுத்த அன்று திரையில் அவள் பார்த்தது அந்த இரட்டைச் சுழியை.

அன்றிலிருந்து அந்த மண்டையைத் தேடித்தான் கேசட் வாங்கினாள். துணை நடிகர்களின் பெயர் எழுத்துப் பட்டியலில் வருவதில்லை. முகமும் தெளிவாக வருவதில்லை. அவர்கள் ஓடிவருவார்கள், விழுவார்கள், அவ்வளவுதான். கதாநாயகன் யார், கதை என்ன என்பதெல்லாம் அவளுக்குப் பொருட்டில்லை. இரட்டைச் சுழிக்காரன் விழுந்ததும் படத்தை நிறுத்துவாள், கைகூப்புவாள், மறுபடி ஓடவிடுவாள். 2001 கோடை வரையில் அவள் அப்பா முப்பத்தேழு தடவை செத்திருந்தார். கத்தியில் இருபத்தாறு, துப்பாக்கியில் ஒன்பது, கடலில் விழுந்து இரண்டு.

இனி அந்தக் கடைசி கேசட். மீன் சந்தையில் பெரிய சண்டையோடு முடியும் 1965ஆம் வருஷத்துப் படம். அது அவளிடம் ஏற்கெனவே இருந்தது.

"இதுதான் நம்மகிட்ட இருக்கே ஐயா. பத்தொம்பதாவது சாவு."

"உன்கிட்ட இருக்கறது ரெண்டு பக்கமும் வெட்டின பிரதி. டி.வி. சதுரத்துல அடங்கணும்னு ஓரத்தையெல்லாம் வெட்டிடுவாங்க. இது முழு அகலம். மேலயும் கீழயும் கறுப்புப் பட்டை வரும், ஆனா ஒண்ணும் விட்டுப்போகாது."

"ஓரத்துல என்ன இருக்கப்போவுது? நாலு மீன் கூடை."

"அந்த நாலு கூடையையும் பார்க்கிறவன்தான் சேர்க்கிறவன்."

"நாலு கூடைக்கு நாலாயிரமா? மீனாவது தருவாங்களா?" என்று முணுமுணுத்துக்கொண்டே பணத்தை எடுத்தாள்.

அன்று மத்தியானமே கடையின் சன்னல் திரைச்சீலையை இழுத்துவிட்டுக் கேசட்டைப் போட்டுப் பார்த்தோம். சந்தைச் சண்டை வந்தது. மழை. வலதுபக்கம் அவள் அப்பா குத்துப்பட்டுக் குப்புற விழுந்தார். வழக்கம்போல நிறுத்தினாள், கைகூப்பினாள். கூப்பிய கை அப்படியே நின்றுவிட்டது.

"ஐயா. அந்த ஓரம்."

இடது ஓரத்தில், மீன் கூடைகளுக்கு நடுவில், இன்னொருவன் குப்புறக் கிடந்தான். ஒட்ட வெட்டிய தலை. எதிரெதிராகச் சுழலும் இரண்டு சுழிகள்.

நாடாவைப் பின்னால் ஓட்டினோம். மறுபடி பார்த்தோம். நிறுத்திய படம் நடுங்கியது. ஒரே சட்டத்தில் இரண்டு தலைகள், நான்கு சுழிகள். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். மாறவில்லை.

"ரெண்டு அப்பாவா எனக்கு?" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. சவர நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். வாடிக்கையாளர் இடத்தில் அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். "இத்தனை வருஷமா நான் யாருக்கு ஊதுபத்தி ஏத்தினேன்?"

அதற்குப் பதில் கிடைக்காமல் இனி அவளால் ஒரு கேசட்டையும் போடமுடியாது என்று எனக்குப் புரிந்தது. நான் சந்தா கட்டும் பழைய சினிமாச் சிறுபத்திரிகையின் ஆசிரியரைப் பிடித்து, கியோட்டோவில் இருந்த முகோயாமா என்ற பழைய துணை நடிகரின் தொலைபேசி எண்ணை வாங்கினேன். அடுத்த திங்கட்கிழமை, ஜூலை 2, கடையிலிருந்து பேசினேன். அவளும் கேட்கட்டுமென்று ஒலிபெருக்கியை அழுத்தினேன்.

"முகோயாமா. கடன்காரனா இருந்தா நான் வீட்டுல இல்ல."

இல்லை, மோஜியிலிருந்து ஒரு ரசிகன் என்றேன். படத்தைச் சொன்னேன், மீன் சந்தைக் காட்சியைச் சொன்னேன்.

"அடடே! வலதுபக்கம் சாகிறது நான்தான். அந்த மீன் நாத்தம் மூணு நாள் போகல. என் பொண்டாட்டி வாசல்லயே நிறுத்திட்டா."

"உங்களுக்கு இரட்டைச் சுழியா?"

"எனக்கா? எனக்கு முப்பது வயசுலயே உச்சி வழுக்கை. அது விக்கு! காலையில சாமுராய் படத்துல கொண்டை, மத்தியானம் ரவுடிப் படத்துல ஒட்ட வெட்டின தலை. அதுக்குன்னு கென் அண்ணன் செஞ்ச விக்கு. அப்படி மூணு இருந்துச்சு, இடதுபக்கம் கிடக்கிறவன் தலையில இருக்கறது இன்னொண்ணு. மூணுலயும் ரெட்டைச் சுழி."

கினுயோ எழுந்து வந்தாள். "எந்த கென் அண்ணன்?"

"ஒரிபே கென்சோ. எங்க ஸ்டூடியோவுல தலை அலங்காரம். உங்க ஊர்ப் பக்கம்தான், முன்னால முடி வெட்டிட்டிருந்தாராம். ஒவ்வொரு முடியா ஊசியில கோக்கிற வேலை அது. ரெண்டு சுழி எதுக்கு அண்ணே, ஒண்ணு போதாதான்னு கேட்டா, 'என் தலையைப் பார்த்துத்தானே செய்யறேன், உன் வழுக்கையைப் பார்த்தா செய்யமுடியும்?'னு சொல்வார். முன்னால ஒரு கண்ணாடி, பின்னால ஒரு கண்ணாடி. பார்த்துப் பார்த்துக் கோப்பார்."

கடையின் எல்லாக் கண்ணாடிகளிலும் கினுயோ தெரிந்தாள்.

"அவர் இப்போ எங்க இருக்காரு?"

"நீங்க யாரும்மா?"

"மக."

முகோயாமாவின் குரலில் கிண்டல் போயிருந்தது. "எழுபத்தொண்ணு பிப்ரவரி. நெஞ்சுவலி. பெட்டியைத் தூக்கினதுல நானும் ஒருத்தன். கோவில் எதுன்னு தெரியும். வாங்க, காட்டறேன்."

அவள் கேசட்டுகளுக்கு நான் எழுதிவைத்திருந்த பட்டியலைப் பிறகு சரிபார்த்தேன். அந்த முப்பத்தேழில் ஒன்பது படங்கள் 1971க்குப் பிறகு எடுத்தவை. அவர் போன பிறகும் அவர் தலை ஒன்பது தடவை செத்திருக்கிறது. அவளிடம் அதை நான் சொல்லவில்லை.

தொலைபேசியை வைக்கும் முன் அவள் மாடத்துப் படத்தைப் பற்றியும், அது அதே மீன் சந்தைச் சாவில் எடுத்தது என்பதையும் சொல்லிவிட்டாள். முகோயாமா அலறினார்.

"உசிரோட இருக்கிறவனுக்கா ஊதுபத்தி? அதான் ஒவ்வொரு ஆகஸ்டும் முன்னோர் பண்டிகை வந்தா எனக்கு இடுப்பு பிடிச்சுக்குது! நிறுத்துங்க தாயே. நிஜமா செத்தா சொல்லி அனுப்பறேன், அப்போ ஏத்துங்க. அதுவரைக்கும் என் பேர்ல புகை போடாதீங்க."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. பிறகு என்னைப் பார்த்து, "முடி வெட்டறவர் சினிமாவுக்குப் போனா அங்கயும் முடிதானே வெட்டுவாரு? நடிப்பாருன்னு நான் ஏன் நினைச்சேன்?" என்றாள். நானும் அப்படித்தானே நினைத்திருந்தேன்!

அன்று மாலை படத்தை மாடத்திலிருந்து எடுத்தாள். கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். "மண்டை அந்தக் கிழவரோடது. மேல இருக்கறது எங்கப்பா கை" என்று சொல்லித் திரும்ப அதே இடத்தில் வைத்தாள்.

ஆகஸ்டில் கியோட்டோ போய்க் கல்லறையில் நீர் வார்த்துவிட்டு வந்தாள். அதன்பின் முகோயாமா கடிதம் எழுதத் தொடங்கினார். ஒரு கடிதத்துக்கு ஒரு சாவு. 'கடலில் விழுந்தது ஜனவரி மாதம், கென் அண்ணன் விக்குக்குள் கம்பளித் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தார்.' 'துப்பாக்கிச் சாவில் நான் சீக்கிரம் விழுந்துவிட்டேன், இயக்குநர் திட்டினார், அண்ணன் மட்டும் விக்கைச் சீவிவிட்டபடி, பசியில் விழுந்திருப்பான் என்றார்.' கடிதம் வந்ததும் அந்தக் கேசட்டைத் தேடியெடுத்துப் போடுவாள். இப்போது கைகூப்புவதில்லை. படத்தை நிறுத்தி, சுழியின் பின்னலைப் பார்ப்பாள். "இந்த இடத்துல முடி மாத்திப் போட்டிருக்காரு பாருங்க ஐயா" என்பாள். எனக்கு ஒன்றும் தெரியாது. தலையாட்டுவேன்.

பதினாறு கடிதங்கள் அப்படி வந்தன. பதினேழாவது வந்தபோது நான் சவர நாற்காலியில் இருந்தேன், பாதி முகத்தில் நுரை. உறையில் முகவரி வேறு யாரோ எழுதியது. துக்கச் செய்திக்கென்று நீர் கலந்து வெளிறவிட்ட மசி. பிரிக்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கத்தியை மடித்து வைத்தாள்.

"முப்பத்தெட்டு" என்றாள். ஊதுபத்தி ஏற்ற மாடிக்குப் போனாள்.

2004 மார்ச் 18.