தட்டிப் பார்க்காத கோப்பை

எனக்குப் பொறுமை கிடையாது. அப்படிப்பட்ட என்னைத்தான் விருத்தாசலத்தில் பொம்மையும் ஜாடியும் கோப்பையும் செய்யும் பீங்கான் கம்பெனியில் சரக்குப் பார்க்க உட்கார வைத்தார்கள். சூளையிலிருந்து வரும் ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்ட வேண்டும். கணீரென்றால் நல்லது. மொத்தென்றால் விரிசல், கண்ணுக்குத் தெரியாதது காதுக்குத் தெரிந்துவிடும்.

கம்பெனிக்கு ஒரு பெண்கள் கூடைப்பந்து அணி இருந்தது. ஆடுகிறவர்களை ஐந்து மணிக்கே விட்டுவிடுவார்கள், அதற்காகத்தான் நான் சேர்ந்தேன் என்று கிண்டல் செய்வார்கள். பாதி உண்மை. மீதி, பின்பக்கத்துச் சிமென்ட் தரையில் ஓடும்போது எனக்கு வந்த சந்தோஷம் வேறெங்கும் வந்ததில்லை.

போன வருஷம் இறுதி ஆட்டத்தில் தோற்றது என்னால்தான். நானே கூடையில் போடுவேன் என்று பந்தை வைத்துக்கொண்டு நின்றேன், நேரம் முடிந்துபோனது. யாரும் என்னைத் திட்டவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. முதலாளி மட்டும் கறாராகச் சொன்னார்: "அடுத்த வருசமும் கப்பு வரலன்னா பந்து போடுற கம்பத்தப் புடுங்கிடுவேம்மா. லாரி நிறுத்த எடமில்லாம கெடக்குது."

எங்கள் கேப்டன் அக்காவுக்குச் சூளையில் சரக்கு இறக்குகிற வேலை. வரிசையாக நின்று கைக்குக் கை மாற்றுவார்கள். சூடு ஆறாத சரக்கை யாரும் கையில் வைத்திருக்க மாட்டார்கள். "பந்தையும் அப்படி நெனச்சுக்க. கையில வச்சிருந்தா சுடும், மாத்தி வுடு" என்றார் அக்கா.

அப்படியே பழகினோம். மங்கலம்பேட்டையை ஜெயித்தோம், கம்மாபுரத்தை ஜெயித்தோம். இறுதி ஆட்டம் திட்டக்குடியோடு. சில நொடிகளே பாக்கி, ஒரு புள்ளி பின்னால் இருக்கிறோம், பந்து என்னிடம். போட்டுவிடலாம் என்று கை துறுதுறுத்தது. வளையத்தடியில் அக்கா தனியாக நின்றார். சுடுகிறது என்று நினைத்துக்கொண்டு அவரிடம் தள்ளிவிட்டேன். அவர் போட்டார், ஜெயித்தோம். நான் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

எங்கள் ஊரில் பரிசுக் கோப்பையும் பீங்கான்தான். விழாக்காரர்கள் கடைத்தெருவில் வாங்கியிருந்தார்கள். மேடையில் அக்கா கைக்கு அது வந்ததும், பழக்கதோஷம், என் கை நீண்டு தட்டிவிட்டது. மொத்தென்ற சத்தம் மைக்கில் மைதானம் முழுக்கக் கேட்டது. கூட்டத்தில் பாதிப் பேர் பீங்கான் வேலைக்காரர்கள், யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரே சிரிப்பு.

"எவன் கம்பெனி சரக்குய்யா இது?" என்று முதலாளி மேடையேறி, கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் எங்கள் முத்திரை.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது. ஒருநாள் ஐந்து மணி ஆகிவிட்டதென்று கடைசி வரிசைக் கோப்பைகளைத் தட்டாமலே நல்லதோடு அடுக்கிவிட்டு ஓடியிருந்தேன்.

"நாந்தாங்க. ஆட ஓடுற அவசரத்துல தட்டிப் பாக்கல" என்றேன். கம்பம் போச்சு என்றே நினைத்தேன். முதலாளி என்னையும் கோப்பையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அக்காவிடம், "வேற நல்லதா ஒண்ணு தரச் சொல்லட்டா?" என்றார்.

"வேணாங்க, இது எங்களுது" என்று அக்கா அதைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

லாரி இன்னும் தெருவில்தான் நிற்கிறது. கோப்பை என் மேசைமேல் இருக்கிறது, முதலாளி உத்தரவு. விரிசல் சத்தம் எப்படி இருக்குமென்று புதிதாக வரும் பெண்கள் முதலில் அதைத்தான் தட்டிப் பழகுகிறார்கள். "இதத் தட்டாம வுட்டது யாருக்கா?" என்று கேட்பார்கள். ஐந்து மணி ஆகப்போகிறதா என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, நான்தான் என்பேன்.