மேஸ்திரி தூங்கலாமா?

புதிதாக ஒரு பெண் வார்டுக்குள் வந்து, கட்டிலை ஒரு தட்டுத் தட்டி உட்காருவதற்குள் கெங்கம்மாள் தன் கட்டிலை விட்டு இறங்கிவிடுவாள். கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேராகப் போய் வந்தவளின் கால்மாட்டில் குந்துவாள். "இன்னா, வவுறா?" என்பாள். அவள் தலையாட்டியதும் தைரியம் சொல்லத் தொடங்குவாள்.

"ஒண்ணியும் பயப்படாத. இந்த டாக்டரு கை இருக்குதே, தங்கம். முன்ன ஒருத்திக்கு வவுத்தத் தொறந்து பாத்தாரு. இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னு அப்டியே தச்சு ஊட்டுக்கு அனுப்பிட்டாரு. எவ்ளோ நேர்மையான மனுஷன் பாரு!"

வந்தவளின் முகம் வெளுக்கும். அதை நிம்மதி என்று எடுத்துக்கொண்டு கெங்கம்மாள் அடுத்த கதைக்குப் போவாள். அடுத்த கதையில் கத்திரிக்கோலை வயிற்றுக்குள்ளேயே வைத்துத் தைத்துவிடுவார்கள். கேட்டவளுக்கு அதன் பிறகு தூக்கம் வராது. கெங்கம்மாளுக்கு மட்டும், ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியில் பசி எடுக்கும்.

வளவனூர்ப் பக்கம் நடவுக்கு ஆள் கூட்டிப்போகும் மேஸ்திரி அவள். வயலில் எத்தனை முதுகுகள் வளைந்திருந்தாலும் நிமிர்ந்து நிற்பது அவளுடைய முதுகு ஒன்றுதான். வரப்பில் நின்று அவள் போடும் சத்தத்துக்குப் பக்கத்துக் கரும்புக் கொல்லையில் இருப்பவர்களும் வேகமாக வேலை செய்வார்கள் என்பாள். வரப்பில் கிடந்த கண்ணாடிவிரியனை வாலைப் பிடித்துச் சுழற்றி எறிந்தவள் என்றும் சொல்வாள். சாட்சிக்கு அந்தப் பாம்பைத்தான் கூப்பிட வேண்டும். ஆனால் சவுரியம்மாள் சிஸ்டர் ஊசியைக் கையில் எடுத்தால் மட்டும், பாம்பைச் சுழற்றிய அந்த அம்மாளுக்கு அவசரமாகக் கக்கூஸுக்குப் போக வேண்டியிருக்கும்.

எண்பத்தாறாம் வருஷம், நவரைப் பட்டத்து நடவு தொடங்குகிற சமயத்தில், திண்டிவனம் ரோட்டை ஒட்டி விழுப்புரத்தில் இருந்த அந்த ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்த்தார்கள். கர்ப்பப்பையில் கட்டி. தேங்காய் அளவு இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். கெங்கம்மாளின் வாயில் அது பூசணிக்காய் ஆயிற்று. "என்னுது மாதிரி இந்த ஜில்லாவுலயே கெடையாதாம்" என்று பால் ஊற்றுகிறவளிடம்கூடச் சொல்லிவைத்தாள்.

உள்ளே நடந்துகொண்டிருந்ததோ வேடிக்கை இல்லை. மாதக்கணக்காக உதிரம் போய்ப் போய் நகங்கள் வெளுத்துவிட்டிருந்தன. வராந்தாவரை நடந்தால் மூச்சு வாங்கும். மூச்சு வாங்குவது தெரியாமல் இருக்க அங்கேயே நின்று யாரையாவது திட்டுவாள்.

ஆபரேஷனுக்கு முதல் தடவை நாள் குறித்திருந்த காலையில் சிஸ்டர் வந்து, "வெறும் வயித்தோட தானே இருக்கே?" என்று கேட்டார்.

"ஆமா சிஸ்டரு. ரெண்டே ரெண்டு இட்லிதான். இட்லி இன்னா வவுத்துலியா தங்கப்போவுது?"

அன்றைய ஆபரேஷன் நின்றது. சிஸ்டர் திட்டிய திட்டை முழுக்க வாங்கிக்கொண்டு, "பாவம், அதுக்கு என் மேல பாசம்" என்று வார்டுக்கு விளக்கம் சொன்னாள்.

இரண்டாவது தடவை தள்ளுவண்டி கட்டிலருகே வந்துவிட்டது. கெங்கம்மாள் தலைமுடியை அவிழ்த்துவிட்டாள். கண்ணை உருட்டினாள். "திருவக்கரை ஆத்தா கனவுல வந்துச்சு. மூஞ்சத் திருப்பிக்கினு, 'இன்னிக்கி வேணாம்டி'ன்னு சொல்லிட்டுப் போச்சு" என்று உடம்பை உதறினாள். வண்டி தள்ளுகிறவர் கும்பிட்டுவிட்டார். சவுரியம்மாள் கும்பிடவில்லை. "உங்க ஆத்தா எங்க டாக்டர் கனவுல வரலியே" என்றார். ஆனாலும், ஆடுகிற உடம்பை யார் பிடித்துப் படுக்கவைப்பது?

தியேட்டரில் எல்லாம் தயாராக இருந்தது. வேறு யார் வெறும் வயிற்றோடு இருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். பக்கத்துக் கட்டில் ஞானமதி இருந்தாள். மேல்சித்தாமூர்ப் பக்கத்தில் நிலம் வைத்துப் பயிர் செய்யும் ஜைனக் குடும்பம்; அந்தப் பக்கத்தில் அவர்களை நயினார் என்பார்கள். பொழுது சாய்ந்தபின் வாயில் எதுவும் வைக்காதவள். அன்று சதுர்த்தசி விரதம் வேறு. பித்தப்பையில் கல்லுக்காக அவளுக்கு வேறொரு நாள் குறித்திருந்தார்கள். ஊரெல்லாம் இட்லி தின்றுகொண்டிருந்த அந்த நேரத்தில் விரதம் இருந்த குற்றத்துக்காக அவளை ஏற்றிவிட்டார்கள்.

"நீ முன்ன போய்ட்டு வாம்மா நயினாரம்மா. நான் பொறுத்துக்கறேன்" என்று கெங்கம்மாள் பெரிய மனசோடு விட்டுக்கொடுத்தாள். அதோடு நிற்கவில்லை. வண்டியோடு கூடவே நடந்து, ஞானமதியின் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு, தியேட்டர் கதவுவரை கத்திரிக்கோல் கதையைச் சொல்லிக்கொண்டே போனாள்.

ஞானமதி பிழைத்து வந்தாள். அது தான் சொன்ன தைரியத்தால்தான் என்று கெங்கம்மாள் எல்லோரிடமும் சொன்னாள்.

பிறகு ஒருநாள் டாக்டரே கட்டிலருகே வந்து நின்றார். "இதான் கடைசி. இந்தத் தடவையும் தட்டிப்போச்சுன்னா ஊருக்குப் போயிடு. இருக்கற ரத்தமும் போயிடுச்சுன்னா, அப்பறம் நீயே வந்து கெஞ்சினாலும் என்னால கை வைக்க முடியாது" என்றார். அவர் நகர்ந்ததும் கெங்கம்மாள், "எங்கிட்ட மட்டும் அந்தரங்கமா பேசிட்டுப் போறாரு பாத்தியா" என்றாள். சொன்னது சத்தமாகத்தான் சொன்னாள். ஆனால் அன்று முழுக்க ஒரு கதையும் சொல்லவில்லை. வார்டு அதை ஒரு விடுமுறை போல அனுபவித்தது.

மூன்றாவது தேதி வந்தது. பொழுது விடிகிற நேரத்தில் ஞானமதி தையலை ஒரு கையால் தாங்கிக்கொண்டு வராந்தாப் பக்கம் வந்தாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கெங்கம்மாள் நின்றிருந்தாள். எதிரே அவள் புருஷன் மண்ணாங்கட்டி, சொம்பில் டீயோடு. பெண்டாட்டி சொன்னதைச் செய்வது என்பதைத் தவிர வேறு எந்தத் தொழிலிலும் தேர்ச்சி பெறாத மனுஷர்.

"அது இன்னாக்கா கையில?"

"பன்னு."

"யாருக்கு?"

"இவருக்குத்தான். பாவம், பசியில வந்துட்டாரு."

தனக்குப் பசி என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டவர் போல மண்ணாங்கட்டி தலையாட்டினார்.

"அப்ப அவருகிட்ட குடுத்துடுங்க."

பன் கெங்கம்மாளின் கையைவிட்டுப் போகவில்லை. ஞானமதி தொட்டிச் சுவரில் மெல்லச் சாய்ந்துகொண்டு கேட்டாள்: "பசியாக்கா? இல்ல பயமா?"

"பயமா? எனக்கா? ஏம்மா, கண்ணாடிவிரியன..." பாம்புக் கதை தொடங்கியது. வாலைப் பிடிக்கிற இடம் வரைக்கும் வந்து, அங்கேயே நின்றுபோயிற்று.

"எனக்குப் பயமாத்தான் இருந்துது" என்றாள் ஞானமதி. "நீங்க சொன்னதக் கேட்டதுக்கு அப்பறம் இன்னும் ஜாஸ்தியாச்சு. மயக்கம் வர்ற வரைக்கும் அந்தக் கத்திரிக்கோலயே நெனச்சிக்கினு இருந்தேன்."

"உனக்குத் தைரியம் வரட்டும்னுதான சொன்னேன்."

"வரல."

கெங்கம்மாளிடம் அவ்வளவு சுருக்கமாக யாரும் பேசியதில்லை.

"ஆனா கட்டவெரலப் புடிச்சிக்கினு வந்தீங்க பாருங்க. கதவு சாத்தற வரைக்கும் அந்தச் சூடு இருந்துது. பேசாம அத மட்டும் செஞ்சிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்."

கெங்கம்மாள் தொட்டியோரமாகக் குந்திவிட்டாள். பன்னை மடியில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்தபடியே பேசினாள். வரப்புக்கு வரப்பு கேட்கிற குரல் பக்கத்தில் நின்றவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"நான் தூங்கிட்டா யாரு பாத்துக்கறது?"

"இன்னாத்த?"

"நடக்கற வேலையத்தான். ஆளுங்க வேல செய்யறப்ப நான் கண்ண மூடினதே கெடையாது, நயினாரம்மா. ஒரு நாத்து சாஞ்சாலும் எனக்குத் தெரியும். இப்ப என் வவுத்துல நாலு பேரு எறங்கி வேல செய்வாங்களாம். நான் பொணமாட்டம் கெடக்கணுமாம். கோணலா வெட்டுனா யாரு கேக்கறது? போதும் வுடுன்னு யாரு சொல்றது? மேஸ்திரி தூங்கலாமா?"

ஞானமதிக்கு ஆறுதல் சொல்ல வராது. யோசித்துப் பார்த்துவிட்டு, "நான் கதவாண்ட குந்திக்கறேன். நீங்க வர்ற வரைக்கும் நான் தூங்க மாட்டேன்" என்றாள்.

"நீயா? உனக்குச் சத்தமா பேசவே வராதே."

"சின்னபொண்ணையும் கூட்டிக்கறேன்."

குடல்வால் எடுத்துக்கொண்டு எதிர்க் கட்டிலில் கிடந்த இளம்பெண் சின்னபொண்ணு. தையல் இன்னும் பிரிக்காத வயிற்றோடு துப்புரவுக்காரியிடம் சண்டை பிடிக்கிறவள். கெங்கம்மாள் அந்தத் தொண்டையை மனசுக்குள் எடைபோட்டுப் பார்த்தாள். பிறகு பன்னை எடுத்துப் புருஷன் கையில் திணித்தாள். "துன்னுய்யா, ஜல்தி. என் கண்ணு முன்னால வச்சிக்கினு நிக்காத."

வண்டி வந்தபோது ஒரு கால் கட்டைவிரலை ஞானமதி பிடித்துக்கொண்டாள், இன்னொன்றைச் சின்னபொண்ணு. "ஏய் கெங்கம்மா அத்த, பேய் மாதிரி முழிக்காத. உனக்கு ஒண்ணும் ஆவாது. உன்ன எடுத்துக்கினு போயி அந்த எமன் பேஜாரு படவா?" என்றாள் சின்னபொண்ணு. "கோணலா தள்ளாதய்யா" என்று கெங்கம்மாள் வண்டிக்காரரிடம் ஒருமுறை சொன்னாள். கதவு சாத்தியபோது, இரண்டு பெண்களும் காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அவள் உள்ளே மயங்கிக் கிடந்த அந்த நேரத்தில்தான் மண்ணாங்கட்டிக்கும் வாய் உண்டு என்பது வெளியே தெரிந்தது. யாரும் கேட்காமலே பேசினார். மாடு வாங்கியதைப் பேசினார், கிணறு வெட்டியதைப் பேசினார். "அவ தூங்கி நான் பாத்ததே இல்லம்மா. நான் படுக்கறப்பவும் முழிச்சிக்கினு இருப்பா, நான் எழுந்துக்கறப்பவும் முழிச்சிக்கினு இருப்பா. அவ தூங்கறாளா இன்னான்னே எனக்குத் தெரியாது" என்றார். சொல்லிவிட்டு மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

இடையில் கதவு திறந்தது. சவுரியம்மாள் யார் முகத்தையும் பார்க்காமல் ஓட்டமும் நடையுமாகப் போய், ஒரு ரத்தப் பாட்டிலோடு திரும்பினார். சின்னபொண்ணு எழுந்து, தன் முழுத் தொண்டையையும் திறந்து, "சிஸ்டர், இன்னா நடக்குது உள்ள?" என்று கத்தினாள். மேஸ்திரி கொடுத்துவிட்டுப் போன வேலை அது. "நடக்க வேண்டியது நடக்குது. வயித்துல தையல் போட்டவளுங்க ரெண்டு பேரும் தரையில குந்தியிருக்கீங்களே, உங்களுக்கு யாரு தையல் போடறது?" என்று கதவை அறைந்தார் சிஸ்டர். திட்டுகிற அளவுக்கு உள்ளே நிலைமை நன்றாக இருக்கிறது என்று ஞானமதி எடுத்துக்கொண்டாள்.

எடுத்த கட்டியை ஒரு பேசினில் வைத்து மண்ணாங்கட்டியிடம் காட்டினார்கள். தேங்காய்தான். அதிலும் சின்னத் தேங்காய்.

கெங்கம்மாளுக்கு நினைவு திரும்பியபோது உதடு காய்ந்து ஒட்டியிருந்தது. ஞானமதியைத் தேடிப் பிடித்துப் பார்த்து, "கோணலா தச்சிட்டானா?" என்றாள்.

"நேராத்தான் இருக்குது."

புருஷன் பக்கம் கண்ணைத் திருப்பினாள். "எவ்ளோ பெருசு?"

மண்ணாங்கட்டி சிஸ்டரைப் பார்த்தார், மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார். இரண்டு கைகளையும் அகல விரித்தார். "பூசணிக்காதான்" என்றார். சவுரியம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்து, தெர்மாமீட்டரை உதறிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

தையல் பிரித்து, உடம்பு தேறி, விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் வளவனூர் பஸ் ஏறிய நாளில் கெங்கம்மாளின் குரல் முழுசாகத் திரும்பிவிட்டிருந்தது. ஜன்னலோரம் இருந்தவரை எழுப்பி உட்கார்ந்தாள். பஸ் புறப்படுவதற்குள் பாதிப் பஸ்ஸுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"வண்டிலாம் வேணாம்னுட்டேன். நானே நடந்து போயி மேஜ மேல ஏறிப் படுத்துக்கினேன். டாக்டரு கையில கத்திய வச்சிக்கினு, 'ஆரம்பிக்கலாங்களாம்மா?'ன்னு கேட்டாரு. ஆவட்டும்னேன். பக்கத்துக் கட்டில்ல ஒரு நயினாரம்மா இருந்துச்சு, பயந்த பொண்ணு. அதுக்கும் நான்தான் தைரியம் சொன்னேன்."

முன் சீட்டுக் கிழவர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். மண்ணாங்கட்டி, எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்தவர் போல, ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

ஊர் எல்லை தாண்டியதும் ரோடு கெட்டிருந்தது. பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. "யோவ் டைவரு! வவுத்துல தையல் போட்ட ஆளு குந்திக்கினு இருக்கறது தெரியல?" என்று கெங்கம்மாள் போட்ட சத்தத்தில் கண்டக்டரின் விசில் வாயிலிருந்து விழுந்தது. பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள். அவள் கம்பீரமாக முகத்தைத் திருப்பி, ஜன்னலுக்கு வெளியே கரும்பையும் நடவு வயலையும் மேற்பார்வை பார்த்துக்கொண்டு வந்தாள். முந்தானைக்கு அடியில் மறைந்திருந்த கை மட்டும் மண்ணாங்கட்டியின் சட்டை நுனியைத் தேடி எடுத்து, கசங்கக் கசங்க இறுக்கிப் பிடித்துக்கொண்டது.