வலிக்கு நேரம் குறித்த ஊரில்

இந்த ஊரில் பிரசவ வலிக்கும் நேரம் குறித்துக் கொடுக்கிறார்கள். குறித்த நாளன்று காலையில் ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்து, எனக்கு வலி வரவழைக்க இன்றைக்குக் கட்டில் இருக்கிறதா என்று நாமே கேட்க வேண்டும். இருந்தால் வரச் சொல்வார்கள். இல்லாவிட்டால் மத்தியானம் திரும்ப எடுக்கச் சொல்வார்கள். நான் எடுத்தபோது கட்டில் இருந்தது. மறுமுனையில் இருந்த பெண் "லவ்லி" என்றாள். இதில் லவ்லி என்று சொல்ல என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. இலங்கையில் எங்கள் றக்வானப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் யாருக்கும் வலி சொல்லிவிட்டு வந்ததில்லை. பெருமழை நாளாகப் பார்த்து, ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுபோன நேரமாகப் பார்த்துத்தான் வரும். இங்கே நான் தலைக்குக் குளித்து, சோறும் பருப்பும் சாப்பிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு டாக்சியில் வலியைத் தேடிப் போனேன்.

தேடிப் போகக் காரணம் இருந்தது. மாதம் நிறைந்த பிறகு வயிற்றில் பிள்ளையின் துடிப்பு குறைந்துவிட்டது. முன்பெல்லாம் நான் சாய்ந்து உட்கார்ந்தால் போதும், விலாவில் உதைக்கும். கடைசி வாரத்தில் நான்தான் வயிற்றைத் தட்டித் தட்டி எழுப்பவேண்டி வந்தது. பார்த்த டாக்டர், இனிக் காத்திருக்க வேண்டாம், இண்டக்ஷன் செய்துவிடலாம் என்றார். மருந்து வைத்து வலியை வரவழைப்பது. பயமாக இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அது பொய். ஆனால் இந்தப் பிள்ளையை உயிரோடு கையில் வாங்காமல் அந்தக் கட்டிடத்தை விட்டு வெளியே வருவதில்லை என்று நான் முடிவு கட்டியிருந்தது மெய்.

என் கணவர் சுதாகருக்கு இங்கே முதியோர் இல்லத்தில் வேலை. அவரும் என்னைப்போல் தோட்டத்துப் பிள்ளை, தெரணியகலைக்காரர். வட இங்கிலாந்தின் இந்தச் சின்ன நகரத்துக்கு வந்த நாளில், நாங்கள் வாடகைக்கு எடுத்த வீட்டின் முன்னே நின்று இருவரும் சிரித்தோம். ஒரே கூரை, வரிசையாக ஒட்டிய வீடுகள், இடையில் ஒரேயொரு சுவர், எங்கள் தோட்டத்துக் குடியிருப்பு போலவே. "இவ்வளவு தூரம் பறந்து வந்து மறுபடி லயத்துக்கே வந்துட்டோமே, நந்தினி" என்றார் அவர். ஆஸ்பத்திரி வார்டைப் பார்த்தபோதும் எனக்கு அதே எண்ணம்தான். கட்டிலுக்குக் கட்டில் துணித்திரை மட்டும்தான் தடுப்பு. எங்கள் லயத்தின் ஒற்றையறைக் காம்பராக்களுக்காவது சுவர் இருந்தது.

மருந்து என்று அவர்கள் உள்ளே வைத்தது நாடாத் துண்டு மாதிரி ஒன்று. அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. நடக்கச் சொன்னார்கள். நடந்தோம். மருத்துவச்சி கேரன் என்பவள் அவ்வப்போது வந்து வயிற்றில் பட்டி கட்டி, பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்டுவிட்டுப் போவாள். சிவந்த முகம், வேகமான நடை. போகும்போதெல்லாம் "ஆர் யூ ஓகே, லவ்?" என்பாள். "ஓகே" என்பேன். ஒரு பகலும் ஓர் இரவும் அப்படியே கழிந்தன. மறுநாள் காலைத் தேத்தண்ணீர் குடித்த கையோடு வலி வந்தது. அது வந்த விதத்தை என்னவென்று சொல்ல! அம்மா சொல்லிக் கேட்ட வலி இடுப்பில் கிள்ளி, விட்டு, மெல்ல மெல்ல ஏறும். இது மூன்றாவது அலைக்கே முழுப் பலத்தோடு வந்து நின்றது.

எனக்குத் தெரிந்த ஒரு வித்தையைக் கையில் எடுத்தேன். றக்வான மலை ரோட்டில் பஸ் வளைவு எடுக்கும்போது முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்து, பஸ் சாயும் பக்கமே நாமும் சாய்ந்து கொடுத்தால் குமட்டாது. எதிர்த்து விறைத்து உட்கார்ந்தவர்கள்தான் வாந்தி எடுப்பார்கள். வலி வரும்போது கட்டில் கம்பியைப் பிடித்தேன், மூச்சை மெல்ல விட்டேன், வளைவு முடியும் முடியும் என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன். முடிந்தது. அடுத்த வளைவு வந்தது. அதுவும் முடிந்தது. வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. எனக்கு என்னை நினைத்தே பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமை அம்மா ஊட்டியது. லயத்தில் ஒரு காம்பராவில் தும்மினால் மற்றக் காம்பராவில் ஆயுசு சொல்வார்கள். அங்கே பிள்ளை பெறுகிற பெண் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொள்வாள். சத்தம் கேட்டுவிட்டால் மறுநாள் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆஸ்பத்திரியில் கத்தினால் வார்டு நர்ஸ் மிஸ்ஸி சிங்களத்தில் ஏசுவாள். ஆகவே வாயை மூடிக்கொண்டு பெற்றவள்தான் எங்கள் பக்கத்தில் கெட்டிக்காரி. நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன் வாட்ஸப்பில் அம்மா சொன்னதும் இதைத்தான். "பல்லக் கடிச்சிக்க புள்ள. வெள்ளக்காரிங்க முன்னால மானத்த வாங்கிறாத. ஒங்கண்ணன் பொறந்தப்ப நான் வாயே தொறக்கல, தெரியுந்தானே?"

அண்ணனை நான் பார்த்ததில்லை. அவன் அம்மாவின் முதல் பிள்ளை. அம்மா மேல் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது வலி கண்டதாம். யாரிடமும் சொல்லாமல் அந்திக் கொழுந்து நிறுக்கும்வரை தேயிலை நிரையில் நின்றாளாம். பிறகு கொழுந்து லொறியில் றக்வான ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. இந்தக் கதையை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் இது அம்மாவின் தைரியத்தைச் சொல்லும் கதை.

கேரன் வந்து, வலிக்குப் பத்துக்கு எத்தனை புள்ளி கொடுப்பாய் என்று கேட்டாள். இதென்ன பரீட்சையா? எடுத்த எடுப்பிலேயே பத்து கேட்டால் பேராசைக்காரி என்று நினைத்துவிடுவாளோ என்று "த்ரீ" என்றேன். சுதாகர் வேறு பக்கத்தில் நின்று, "ஷீ இஸ் வெரி ஸ்ட்ரோங்" என்று பெருமையாகச் சொன்னார். கேரன் என்னைத் தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த திரைக்குப் போனாள். அங்கே ஒரு வெள்ளைக்காரப் பெண், என்னைவிட இளையவள், விடிந்ததிலிருந்து ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தாள். கெட்ட வார்த்தை, அழுகை, நடுவில் டோஸ்ட் கேட்டுச் சாப்பாடு. இப்படியும் ஒருத்தியா என்று எனக்கு இளக்காரமாக இருந்தது. மத்தியானம் பிரசவ அறையில் ஓர் இடம் காலியானது. அவளைத்தான் கொண்டுபோனார்கள். நாற்காலியில் தள்ளிக்கொண்டு போகும்போது அவள் என் திரை இடுக்கால் பார்த்தாள். "நீ சத்தமே போடவில்லையே. கத்து, லவ். இல்லாவிட்டால் மறந்துவிடுவார்கள்" என்றாள். நான் வழக்கம்போல் "ஓகே" என்றேன்.

அவள் போனபின் வார்டு அமைதியானது. அந்த அமைதியில்தான் எனக்கு உறைத்தது. கடைசியாகப் பிள்ளை எப்போது அசைந்தது? காலையில் தேத்தண்ணீர் குடித்தபோதா? வயிற்றைத் தட்டினேன். ஒன்றுமில்லை. மறுபடி தட்டினேன். கட்டில் தலைமாட்டில் மணி அடிக்கும் பொத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. கை அதுவரை போகும், தொடாமல் திரும்பிவிடும். சும்மா இருக்கும் மிஸ்ஸியைக் கூப்பிட்டால் ஏச்சு விழும் என்று உடம்புக்கே பழகிப்போயிருந்தது. சுதாகரிடம் சொன்னேன். "அவங்களுக்குத் தெரியும், வருவாங்க. கொஞ்சம் பொறுத்துக்க" என்றார். பொறுத்துக்கொள் என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா நிரையில் நிற்பது கண்ணில் தெரிந்தது. கூடையை முதுகில் போட்டுக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு. அது தைரியக் கதை இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அடுத்த வலி வந்தபோது நான் கம்பியைப் பிடிக்கவில்லை. பொத்தானைப் பிடித்து அழுத்தினேன். விடாமல் அழுத்திக்கொண்டே அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"மிஸ்! மெஹெ என்ன! பபா ஹெல்லென்னே நே!"

மிஸ், இங்கே வாங்க, பிள்ளை அசையவில்லை என்று சிங்களத்தில் கத்தியிருக்கிறேன். தமிழும் வரவில்லை, பாடுபட்டுப் படித்த இங்கிலீஷும் வரவில்லை. காய்ச்சலென்று போனாலும் பல் பிடுங்கப் போனாலும் எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்கு ஒரே மொழிதான். சுதாகர் பதறிப்போனார். "என்ன புள்ள, சிங்களத்துல கத்துற?"

"எதுலயாச்சும் கத்துறேன். நீங்களும் கத்துங்க!" என்றேன்.

கேரன் ஓடி வந்தாள். நான் சொன்னதில் ஒரு சொல்கூட அவளுக்கு விளங்கியிருக்காது. விளங்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை. பட்டியைக் கட்டிக் கேட்டாள். துடிப்பு இருந்தது. ஆனால் ஒவ்வொரு வலியின்போதும் இறங்கி, தயங்கித் தயங்கி ஏறியது. அவள் முகம் மாறியது. மருந்து நாடாவை வெளியே எடுத்தாள். என்னை இடது பக்கம் சாய்த்துப் படுக்கவைத்தாள். கைவைத்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு தூரம் வந்துவிட்டாயே, ஏன் சொல்லவில்லை?" என்றாள். பத்துக்கு எத்தனை என்று மறுபடி கேட்டாள். "டென்!" என்று கத்தினேன். "லெவன்!"

கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். பிரசவ அறையில் பன்னீர்க்குடத்தை உடைத்தார்கள். ஆட்கள் கூடினார்கள். பிள்ளை களைத்துவிட்டது, சீக்கிரம் வெளியே வரவேண்டும், இல்லாவிட்டால் வயிற்றைக் கிழிக்கவேண்டி வரும் என்றார்கள். கிழித்தால் கிழியுங்கள், பிள்ளை வரட்டும் என்றேன். அதற்கு அவசியம் வரவில்லை. ஒவ்வொரு வளைவுக்கும் சாய்ந்து கொடுத்தேன், இந்தத் தடவை சத்தத்தோடு. அன்று அந்த மாடியில் என்னைவிடச் சத்தமாகப் பெற்றவள் யாரும் இருக்கமாட்டாள். பொம்பிளைப் பிள்ளை. முதலில் நீலமாகச் சுருண்டு கிடந்தது. துவாலையால் உரசினார்கள். பிறகு அது வாயைத் திறந்து கத்திய கத்தலில் சுதாகர் சுவரில் சாய்ந்து அழுதுவிட்டார்.

தையல் போடும்போது கேரன் கேட்டாள், நீ கத்தியது தமிழா என்று. இல்லை, சிங்களம் என்றார் சுதாகர். அப்படியானால் நீங்கள் சிங்களவர்களா? இல்லை, தமிழர்கள். ஊசியை ஒரு கணம் நிறுத்தி இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். சொல்லப் புறப்பட்டால் றக்வான இருக்கும் ரத்னபுரி மாவட்டத்திலிருந்து தொடங்கி, எங்கள் முன்னோர் தோட்ட வேலைக்குப் புறப்பட்ட இந்தியாவரை போகவேண்டும். "லோங் ஸ்டோரி" என்றேன். "லவ்லி" என்றாள் அவளும்.

வீட்டுக்கு வந்த பிறகு ஓர் அந்திப்பொழுது அம்மாவோடு வாட்ஸப்பில் பேசிக்கொண்டிருந்தேன். அங்கே இரவுச் சாப்பாடு முடிந்திருந்தது. மடியில் பிள்ளை வீறிட்டது. "வாயப் பொத்தி அமத்து புள்ள, பக்கத்து வீட்டு வெள்ளக்காரங்க என்னா நெனப்பாங்க?" என்றாள் அம்மா. நான் அமத்தவில்லை. மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அம்மா, அண்ணன் பொறந்தப்ப நீங்க கத்தியிருந்தா?"

திரையில் அவள் முகம் அசையாமல் நின்றது. சிக்னல் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"கத்தாமயா இருந்தேன்?" என்றாள். "நல்லாத்தான் கத்துனேன். மேல் மலையில ஒத்தையில நின்னேன், கேக்க யாரு இருந்தா? அப்பறந்தான் வாயே தொறக்கலன்னு சொல்லிப் பழகிக்கிட்டேன்."

பிள்ளை விடாமல் கத்திக்கொண்டிருந்தது. இங்கே பக்கத்து வீட்டுச் சுவருக்கு அப்பால் வழக்கம்போல் ஒரு சத்தமுமில்லை. அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "போன கிட்ட வை, நல்லாக் கேக்கட்டும்" என்றாள். வைத்தேன். என் மகளின் குரல் றக்வான மலையில் எங்கள் காம்பராவுக்குள் நிறைந்தது. அங்கே தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்துக் காம்பராப் பெண் கேட்பது எனக்கே கேட்டது.

"அது யாரு புள்ள கத்துது?"

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பி, நான் பிறந்ததிலிருந்து கேட்டிராத சத்தத்தில் சொன்னாள்.

"நம்ம லயத்துப் புள்ளதான்!"